அக்காவுக்கு ஒரு பாண் யந்திரம்

பரிசு கொடுப்பது எளிது. தக்க பரிசைத் தெரிந்து கொடுப்பதுதான் அரிது. கலியாண வீடுகளுக்கு நாம் கொண்டு செல்லும் கண்ணாடிக் குவளைகளும் சுவர்க் கடிகாரங்களும் எத்தனை இல்லங்களிலே பெட்டி பிரிக்கப்படாமல் அலுமாரியின் மேற்றட்டில் உறங்குகின்றன என்பதை வாசகர்கள் நன்கு அறிவார்கள். கொடுத்தவருக்கு மனநிறைவு, பெற்றவருக்கு இடநெருக்கடி! அந்த வரிசையில் நாமும் ஒன்றைச் சேர்த்துவிடுவோமோ என்ற அச்சத்துடன், சென்ற ஆண்டிலே ஒரு பொருளைத் தேடிக் கொழும்புக் கடைகள் பலவற்றில் ஏறி இறங்கினோம். அப்பொருள், வீட்டிலே பாண் சுடும் யந்திரம். அதனைப் பெறவிருந்தவர், யாழ்ப்பாணத்திலே வாழும் எம் மூத்த தமக்கையார்.

அக்காவுக்கு அறுபது வயது நிறைவெய்தியது. தாயார் காலமான பின்னர் எம்மையும் எம் தம்பியையும் வளர்த்து ஆளாக்கியவர் அவரே. தம்பி இப்பொழுது ரொறொன்ரோவில் வசிக்கிறான். “அக்காவுக்கு உருப்படியாய் ஏதாவது செய்ய வேணும், அண்ணை. காசு அனுப்பினால் கோயில் திருவிழாவுக்கும் அயலட்டைப் பிள்ளையளின்ரை படிப்புக்கும் குடுத்துப்போடுவா” என்று தொலைபேசியிற் சொன்னான். பாண் யந்திரம் என்ற எண்ணமும் அவனுடையதே. அவன் வீட்டில் அப்படியொன்று உண்டு.

அவன் காட்டிய நியாயங்கள் இரண்டு. முதலாவது, அக்காவின் கைகள். சில ஆண்டுகளாக மூட்டுவாதத்தினால் அவருடைய மணிக்கட்டுகள் வீங்கி வருகின்றன. றொட்டிக்கு மாக் குழைக்க வேண்டாம் என்று வைத்தியர் தடுத்துவிட்டார். இரண்டாவது, அத்தானின் குருதியமுக்கம். உணவிலே உப்பைக் குறைக்கும்படி அவருக்குக் கட்டளை. கறிக்கு உப்பைக் குறைக்கலாம். கடையில் வாங்கும் பாணில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை யார் கண்டார்?

நியாயங்கள் நல்லவையே. எனினும் எம் உள்ளத்தில் ஒரு தயக்கம் எழுந்தது. வாழ்நாளெல்லாம் அடுப்படியிலே கழித்த ஒரு பெண்மணிக்கு, அறுபதாவது வயதிலே மீண்டும் ஒரு சமையற் கருவியைப் பரிசளிப்பது முறையாகுமா? “இன்னுங் கொஞ்சம் வேலை செய்யுங்கள்” என்று சொல்லாமற் சொல்வது ஆகாதா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை கடையின் படியேற எமக்கு மனம் வரவில்லை.

அந்த நாள் வரிசை

1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குப் பாண் என்பது வெறுங் காலை உணவு அன்று. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அரிது, கோதுமை மா வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. விறகுப் போறணையிலே வெந்த பாணை வாங்குவதற்கு விடியுமுன்னரே வரிசை தொடங்கிவிடும். அந்த வரிசையில் அக்கா நிற்பார். அப்பொழுது அவருக்கு இருபத்தைந்து அல்லது இருபத்தாறு வயது இருக்கும். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தவர், எம் இருவரையும் தந்தையாரையும் பார்க்க ஆளில்லை என்று அந்த எண்ணத்தையே விட்டுவிட்டார். இதனை அவர் எம்மிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பின்னர் பிறர் வாயிலாகவே அறிந்தோம்.

ஒரு றாத்தல் பாண் கிடைத்துவிட்டால், நூல் பிடித்தாற்போல் அதனை எட்டுத் துண்டுகளாக வெட்டுவார். நடுவே இருக்கும் மெதுவான துண்டுகள் தந்தையாருக்கும் எமக்கும் தம்பிக்கும். இரு தலைப்பிலும் இருக்கும் தடித்த அடித்துண்டுகள் அவருக்கு. “எனக்கு அடிப்பாண்தான் விருப்பம்” என்பார். நாமும் அதனை நம்பினோம். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த அந்த இரவிலே, மழைக்கும் சன நெருக்கத்துக்கும் இடையில், ஒரு துணிப்பையிலிருந்து அவர் எடுத்துத் தந்ததும் பாணும் சம்பலுமே.

இவற்றையெல்லாம் நினைத்துப் பார்த்தபோது தயக்கம் ஒருவாறு தெளிந்தது. பாணுக்காக வரிசையில் நின்றவருக்கு, அவர் இருக்கும் இடத்துக்கே பாண் வரட்டும். அவர் கை நோகாமல் வரட்டும். வேலையைக் கூட்டுகின்ற கருவி என்றால் வேண்டாம். வேலையைத் தானே செய்கின்ற கருவி என்றால் வாங்குவோம் என்று முடிவு செய்தோம். இம்முடிவே பின்னர் கடையிலே நாம் தெரிவு செய்வதற்கும் அளவுகோலாயிற்று.

ஒரு சொல், இரண்டு நாடுகள்

யந்திரத்தைப் பற்றி அறியப் புகுந்தபோது எமக்குக் கிடைத்த செய்திகளுள் ஒன்று மிகுந்த வியப்பைத் தந்தது. ‘பாண்’ என்ற சொல்லை எமக்குத் தந்தவர்கள் போத்துக்கேயர். 1505ஆம் ஆண்டு இலங்கைக் கரையை அடைந்த அவர்கள், அலுமாரி, கதிரை, குசினி என்னும் சொற்களோடு இதனையும் விட்டுச் சென்றார்கள். அதே போத்துக்கேயர் 1543ஆம் ஆண்டில் யப்பான் தேசத்தையும் அடைந்தனர். இன்றும் யப்பானியர் இவ்வுணவைப் ‘பன்’ என்றே அழைக்கிறார்கள். ஒரே வேரிற் பிறந்த சொல் இரு தீவுகளில் வழங்குகிறது!

வீட்டுப் பாண் யந்திரத்தை உலகறியச் செய்தவர்களும் யப்பானியரே. ஒசாக்கா நகரிலே மட்சுஷிட்டா மின் நிறுவனத்தார், 1980களின் நடுப்பகுதியில் இம்முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். மாவைப் பிசையவும் வேகவைக்கவும் யந்திரத்துக்குத் தெரிந்தது. நல்ல பாண் மட்டும் வரவில்லை. மேலோடு கருகியது, உட்பகுதி வேகாமற் கிடந்தது. யந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டும் பயன் காணவில்லை.

அப்பொழுது இக்குகோ தனாக்கா என்னும் பெண்மணி ஒரு வழி கூறினார். அவர் யந்திரத்துக்கான கணினி நிரல்களை எழுதும் பணியில் இருந்தவர். ஒசாக்கா சர்வதேச ஹோட்டலின் பாண் அந்நகரிலே புகழ் பெற்றிருந்தது. 1985ஆம் ஆண்டில் அந்த ஹோட்டலின் தலைமைப் பாண் தயாரிப்பாளரிடம் அவர் மாணவியாய்ச் சேர்ந்து, மாக் குழைக்கும் தொழிலைக் கையாலேயே பழகினார். ஆசானின் கைகள் மாவை இழுப்பதோடு நில்லாமல் முறுக்கவும் செய்கின்றன என்பதை ஒரு நாள் கண்டுகொண்டார். ஆசானுக்கு அது பழக்கம்; சொல்லித்தரக் கூடிய பாடம் அன்று. பாத்திரத்தின் உட்புறத்திலே சிறு வரம்புகளை அமைத்து, அந்த முறுக்கலை யந்திரத்துக்கும் கற்பித்தார்கள். 1987ஆம் ஆண்டில் யந்திரம் விற்பனைக்கு வந்தது. கையிலே உறையும் அறிவை எழுத்திலே கொண்டுவருவது எத்துணை அரிது என்பதற்கு எடுத்துக்காட்டாக, இக்குஜிரோ நொனாக்கா என்னும் யப்பானிய அறிஞர் 1991ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இக்கதையைக் கூறினார். அன்று தொட்டு முகாமைத்துவ மாணவர்கள் இதனைப் படித்து வருகின்றனர்.

ஆசிரியராகிய எமக்கு இக்கதை மிகப் பிடித்துவிட்டது. நிரல் எழுதத் தெரிந்தவரும் மாவிலே கையை வைத்த பின்னரே விடையைக் கண்டார் அல்லவா?

கடையிலே கேட்க வேண்டியவை

இனிக் கடைக்கு வருவோம். பரிசாக இதனை வாங்க எண்ணும் அன்பர்களுக்குப் பயன்படும் வண்ணம், நாம் கேட்டறிந்தவற்றை முறையாகக் கூறுகிறோம்.

முதலில் மின்சாரம். தம்பி கனடாவிலே ஒன்றை வாங்கி அனுப்புவதாகவே சொன்னான். நாம் தடுத்தோம். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று; எம் நாட்டிலோ 230 வோல்ற்று. அங்கு வாங்கிய யந்திரத்தை இங்கே நேராகச் செருகினால் சில நொடிகளிலே எரிந்துவிடும். நிலைமாற்றி ஒன்றை இடையே வைக்கலாம் என்றாலும், அதுவே ஒரு பெருஞ் சுமை. மேலும் அங்குள்ள மின்சாரத்தின் மீடிறன் 60, இங்கு 50 ஆதலின், மோட்டரின் வேகமும் மாறக்கூடும். யப்பானிலே வாங்குவதும் இவ்வாறே. அங்கு 100 வோல்ற்று. இலண்டனிலிருந்து வருவதாயின் இந்தத் தொல்லை இல்லை. அங்கும் 230 வோல்ற்று. சதுர முனைச் செருகியும் ஒன்றே. பழைய வீடுகளில் வட்டத் துளைக் குதைகளே இருக்குமாதலின், பரிசு பெறுபவரின் சமையலறைச் சுவரை ஒரு முறை பார்த்துக்கொள்வது நன்று.

மின்கட்டணத்தைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. இந்த யந்திரங்கள் பெரும்பாலும் 500 முதல் 700 உவாற்று வரை கொள்ளும். அதுவும் வேகவைக்கும் ஒரு மணி நேரம் அளவிலேதான். மற்றைய நேரமெல்லாம் மிகச் சிறிய அளவே. ஒரு பாணுக்கு அரை அலகு மின்சாரமும் செலவாவதில்லை.

இரண்டாவது, மின்தடை. பாண் ஒன்று முடிவதற்கு மூன்று அல்லது நான்கு மணித்தியாலம் ஆகும். இடையிலே மின்சாரம் நின்றுவிட்டால் என்னாகும்? சில யந்திரங்கள் விட்ட இடத்தை ஏறத்தாழப் பத்து நிமிடம் வரை நினைவில் வைத்துத் தொடரும். சிலவற்றுக்கு அந்த நினைவே இல்லை, மீண்டும் முதலிலிருந்து பிசையத் தொடங்கிவிடும். 2022ஆம் ஆண்டிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த எமக்கு, இக்கேள்வியைக் கேட்கும்படி யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த ஆண்டில் எரிவாயு கிடையாமையாற் பல வெதுப்பகங்கள் மூடிக்கிடந்ததையும் மறப்பதற்கில்லை. மின்சாரம் இல்லாத நாளில் யந்திரமும் இல்லை. ஆதலின் கடைப் பாணைப் பகைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, அளவு. ஒரு றாத்தல், ஒன்றரை றாத்தல், இரண்டு றாத்தல் என மூவகைப் பாண்களைச் சுடும் யந்திரங்கள் உள்ளன. பெரியதே பெருமை என்று பலர் இரண்டு றாத்தல் யந்திரத்தை வாங்கிவிடுகிறார்கள். அக்காவும் அத்தானும் இருவரே. வீட்டுப் பாணிலே பழுதடையாமற் காக்கும் மருந்துகள் எவையுஞ் சேர்ப்பதில்லை; எம் வெப்பத்திலே இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். எனவே ஒரு றாத்தலும் ஒன்றரை றாத்தலும் சுடக்கூடிய நடுத்தர யந்திரத்தையே தெரிந்தோம்.

நான்காவது, பொத்தான்கள். கடைப் பையன் இருபத்தைந்து வித வேலை செய்யும் யந்திரமொன்றைக் காட்டி, அது ஜாம் காய்ச்சும், கேக் சுடும், தயிரும் உறையவைக்கும் என்றான். “தம்பி, தயிர் உறைய வைக்கச் சட்டி இருக்கிறது, நமக்குப் பாண் போதும்” என்றோம். சாதாரணப் பாண், தவிட்டு மாப் பாண், மாவை மட்டும் பிசைந்து தருதல் என்னும் மூன்றும் இருந்தாற் போதும். இவற்றுள் மூன்றாவது மிகவும் பயனுள்ளது. பிசைந்து பொங்கிய மாவை எடுத்துப் பணிஸ் செய்யலாம்; மெல்லியதாய்த் தட்டித் தட்டிலே சுடலாம். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் முட்டை படாத பணிஸ் வேண்டுவோருக்கு இது பெரிய வசதி.

ஐந்தாவது, உதிரிப்பாகங்கள். பாத்திரத்தின் உட்பூச்சும், அடியிலே சுழலும் துடுப்பும்தான் முதலில் தேய்பவை. அவை தனியாக இந்நாட்டிலே கிடைக்குமா என்று கேளுங்கள். “கிடைக்கும்” என்று சொன்னால் போதாது. எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கடையில் நாம் அப்படிக் கேட்டபோது விற்பனையாளரின் முகம் மாறியது. நாமும் கடையை மாற்றினோம்.

இன்னுமொரு விடயம். இதனால் பணம் மிச்சப்படும் என்று எண்ணி வாங்குபவர் ஏமாறுவர். கோதுமை எம் தீவில் விளைவதில்லை, கப்பலில் வருவதே. மா, மதுவம், எண்ணெய், மின்சாரம் ஆகியவற்றைக் கூட்டி, யந்திரத்தின் விலையையும் சேர்த்துப் பார்த்தால், கடைப் பாணே மலிவு. வாங்குவதற்குக் காரணம் உடல்நலமாகவோ வசதியாகவோ மகிழ்ச்சியாகவோ இருக்கட்டும். சிக்கனம் என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஆசிரியச் சம்பளத்தில் வாழும் எமக்கு யந்திரத்தின் விலை சிறிய தொகை அன்று. தம்பி பாதி தந்திராவிட்டால் நாம் துணிந்திருக்கமாட்டோம்.

முதற் பாண்

இரவுப் பேருந்திலே யந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணஞ் சென்றோம். பெட்டியைப் பிரித்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை, “உனக்கென்ன விசரே, தம்பி? சந்தியிலை பாண் விக்குது, பின்னேரம் ஓட்டோவிலை பாட்டுப் போட்டுக்கொண்டும் வருது. இது எனக்கு எதுக்கு?” என்பதுதான். அத்தான் ஒன்றும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்முறைப் புத்தகத்தைப் படிக்கத் தொடங்கினார்.

மறுநாட் காலையில் நாம் கோவிலுக்குச் சென்றிருந்த வேளை, அக்கா எமக்கு வியப்பூட்டும் நோக்கத்துடன் தாமே யந்திரத்தை இயக்கிவிட்டார். நான்கு மணித்தியாலம் கழித்து மூடியைத் திறந்தால், உள்ளே ஒரு சாம்பல் நிறக் கட்டி! கத்தி இறங்கவில்லை. “தம்பி, உன்ரை யந்திரம் அம்மிக் குழவியைப் பெத்திருக்கு” என்றார் அக்கா. சிரித்தபடிதான் சொன்னார்; ஆயினும் முகத்திலே வாட்டம் இருந்தது. “எனக்கு உது சரிவராது, திருப்பிக் குடுத்திடு, காசு வீணாய்ப் போகக்கூடாது” என்று மெல்லச் சொன்னார். எமக்கு நெஞ்சு துணுக்குற்றது. ஒரு பரிசு, பெற்றவரைத் தாம் தகுதியற்றவர் என்று எண்ணச் செய்யுமானால், அதனைவிடக் கொடிய பரிசு வேறு உண்டோ?

யந்திரத்தில் பிழை இல்லை. அக்காவிலும் பிழை இல்லை. மாவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டோம். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் வைத்திருந்த தகரப் பேணியைக் காட்டினார். அதிலிருந்தது அவித்த கோதுமை மா! புதிர் விடுபட்டது.

மாணவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். கோதுமை மாவிலே குளூட்டன் என்னும் புரதத்தை ஆக்கும் பொருள்கள் உண்டு. நீர் சேர்த்துப் பிசையும்போது அது றப்பர் போல இழுபடும் வலையாகின்றது. மதுவம் என்னும் ஈஸ்ற்று மாவிலுள்ள வெல்லத்தை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிட, அவ்வாயு அந்த வலையிலே அகப்பட்டு மாவை உப்பச் செய்கிறது. அப்பத்துக்குக் கள் விட்டுப் புளிக்க வைப்பதும் கள்ளிலுள்ள மதுவத்தின் பொருட்டே. ஆனால் மாவை முன்னரே அவித்துவிட்டால், வெப்பத்தால் புரதத்தின் இயல்பு மாறி, அந்த வலை உண்டாவதில்லை. மாக் கையில் ஒட்டாமல் உதிர்வதற்காகவே எம் பெண்கள் அதனை அவிக்கிறார்கள். பிட்டுக்கு எது குணமோ அதுவே பாணுக்குக் குற்றம்! இந்த விளக்கத்தைக் கேட்ட அக்கா, “அப்ப மாவைத்தான் பிழை சொல்ல வேணும்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாவதும் மூன்றாவதும்

இரண்டாவது பாண், அவிக்காத புது மாவிலே அழகாகப் பொங்கியது. யந்திரத்தின் சாளரத்தினூடே பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோதே, வேகத் தொடங்கியதும் நடுவே பள்ளமாக அமிழ்ந்துவிட்டது. காரணம், அத்தானுக்காக அக்கா உப்பை அறவே விட்டிருந்தார். உப்புச் சுவைக்கு மட்டும் உரியது அன்று. அது மதுவத்தின் வேகத்தை அடக்குகிறது. குளூட்டன் வலையை இறுக்குகிறது. உப்பில்லாவிடில் மதுவம் கட்டவிழ்ந்த கன்று போல் ஓடுகிறது. மா அளவுக்கு மீறி உப்பி, தாங்க மாட்டாமல் விழுகிறது. யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலில் குழாய் நீரும் இளஞ் சூடாக இருந்தமையால் அவ்வோட்டம் இன்னும் விரைவாயிற்று.

மூன்றாம் நாள் மூவரும் கூடி ஆலோசித்தோம். உப்பை முற்றாக விடாமல் குறைத்தோம். அதற்கேற்ப மதுவத்தையும் சிறிது குறைத்து, நீரைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றினோம். ஒன்றரை றாத்தல் அளவான பாணுக்கு நாம் கண்ட கணக்கு இது: அவிக்காத கோதுமை மா 400 கிராம்; குளிர்ந்த நீர் 260 மில்லிலீற்றர்; சீனி ஒரு மேசைக்கரண்டி; தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி; உப்பு முக்காற் தேக்கரண்டி; உலர் மதுவம் முக்காற் தேக்கரண்டி. முதலில் நீரும் எண்ணெயும், பின்னர் மா, ஒரு மூலையில் உப்பும் சீனியும், மாவின் உச்சியிலே சிறு குழி செய்து மதுவம். மதுவம் தொடக்கத்திலேயே உப்பையும் நீரையும் தொடக்கூடாது. சில யந்திரங்களில் இவ்வரிசை மாறும் என்பதால் அவற்றின் புத்தகத்தையும் பாருங்கள்.

குரக்கன் மாச் சேர்க்க விரும்புவோர் 400 கிராமில் 100 கிராமுக்கு மேற் சேர்க்க வேண்டாம். குரக்கனில் குளூட்டன் இல்லை. இரவிலே நேரங் குறித்து வைத்துக் காலையிற் பாண் எடுக்க விரும்புவோர், அந்தப் பாணுக்குப் பால் சேர்க்க வேண்டாம். எம் வெப்பத்தில் திரிந்துவிடும். வெந்தவுடன் பாத்திரத்திலிருந்து பாணை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் ஈரம் தங்கி மேலோடு தொய்ந்துவிடும். பாத்திரத்தை இரும்புக் கரண்டியாற் சுரண்டக்கூடாது. யந்திரம் பிசையும்போது குலுங்கி நகரும் இயல்புடையதாதலின், மேசையின் ஓரத்திலே வைப்பது ஆபத்து.

இவையனைத்தையும் ஓர் அட்டையிலே தமிழில் எழுதி, எந்த வேலைக்கு எந்த எண் என்பதையும் குறித்து, யந்திரத்தின் பக்கத்துச் சுவரில் ஒட்டினோம். யந்திரத்தோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். எனினும் அந்தச் சிறிய எழுத்து அவருடைய கண்ணுக்கு எட்டாது. யந்திரத்தைவிட அந்த அட்டைக்குத்தான் அவர் அதிகம் மகிழ்ந்தார் என்று நினைக்கிறோம்.

அடித்துண்டு

மூன்றாவது பாண் பொன்னிறமாக வெளிவந்தது. வீடெங்கும் அந்த வாசம். ஆறும்வரை பொறுத்து, அக்கா கத்தியை எடுத்தார். கைவலி இருந்தும் அந்தப் பழைய ஒழுங்கு மாறவில்லை. துண்டுகள் அச்சிலே வார்த்தாற்போல் விழுந்தன. நடுத்துண்டுகளை அத்தானுக்கும் எமக்கும் வைத்தார். தலைப்புத் துண்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். தொலைபேசியின் திரையிலே ரொறொன்ரோவிலிருந்து தம்பி இதனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, உங்களுக்கு இன்னும் அடிப்பாண்தான் விருப்பமோ?” என்று அவன் கேட்டான்.

அக்கா சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “ஆரடா சொன்னது எனக்கு அடிப்பாண் விருப்பமெண்டு? அந்த நாளையிலை நடுப்பாண் உங்கள் மூண்டு பேருக்குமே காணாது. அதுதான் அப்பிடிச் சொன்னனான். பிறகு அது பழகிப் போச்சு” என்றார், வெகு சாதாரணமாக.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் உண்மையென்று நம்பியிருந்த ஒன்று அது. திரையிலே தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாம் எழுந்து, மெதுவான நடுத்துண்டு ஒன்றிலே வெண்ணெய் தடவி அக்காவின் தட்டில் வைத்துவிட்டு, அடித்துண்டை எடுத்துக்கொண்டோம். “மற்ற அடித்துண்டு என்ரை, அண்ணை, நான் வருமட்டும் வையுங்கோ” என்றான் தம்பி. “பூஞ்சணம் பிடிக்குமடா!” என்றார் அக்கா.

இப்பொழுது அக்கா வாரத்தில் மூன்று நாள் பாண் சுடுகிறார். மற்றைய நாட்களில் பிட்டோ இடியப்பமோ சந்திக் கடைப் பாணோ உண்டு. அத்தானே அளவுகளை நிறுத்துக் கொடுக்கிறார். பாத்திரத்தைக் கழுவும் பொறுப்பும் அவருடையதாம். அயல் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு துண்டுகள் போகின்றன என்றும் கேள்விப்படுகிறோம். கொடுத்த பொருளையும் பகிர்ந்தே உண்பவரை யார் திருத்துவது!

பரிசு தேடும் அன்பர்களுக்கு எம் அனுபவத்திலிருந்து ஒரு சொல். கொடுப்பவரின் பணப்பையைப் பார்த்துப் பொருளைத் தெரியாதீர்கள்; பெறுபவரின் கையைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், சுவரிலுள்ள மின்குதையையும் பாருங்கள். பொருளைக் கொடுத்துவிட்டு அன்றே விடைபெற்று வந்துவிடாதீர்கள். முதற் பாண் கல்லாகலாம்; இரண்டாவது பாண் அமிழ்ந்து போகலாம். மூன்றாவது பாண் வரும்வரை உடனிருங்கள்.